உப்பு போட்ட கறியை ஏன் சோதிக்கணும்?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடையில் பேசிப் பழக்கம் எனக்கு இல்லை. உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் நான். அங்கே வாய்க்கு வேலை குறைவு, கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை. ஆனாலும் இந்தக் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு மனசு வராது. பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் நின்றபோது எங்கம்மா குழுவில்தான் உள்கடன் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். தீர்மான நோட்டில் "மகள் படிப்புச் செலவு" என்று எழுதி, பத்துப் பேர் கையெழுத்து, இரண்டு பேர் கைநாட்டு. நான் படித்த படிப்பு அந்தப் பன்னிரண்டு பேர் போட்ட படிப்பு.

அந்தக் குழுவின் உப்புக்கண்டத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உங்களில் பல பேர் கருவாடு போடுகிறீர்கள், கறி ஊறுகாய் போடுகிறீர்கள், சில பேர் உப்புக்கண்டமும் போடுகிறீர்கள். அதனால் நான் சொல்வது எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஆகும்.

எங்க ஊர்ப்பக்கம் உப்புக்கண்டம் எப்படிப் போடுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டுக்கறியை விரல் நீளத்துக்கு வார்ந்து, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பிசறி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் சாக்கு ஊசியில் நூல் கோத்து மாலை மாலையாக மாடியில் கட்டிவிடுவார்கள். காக்காய் விரட்ட ஒரு பிள்ளையை உட்கார வைப்பார்கள். அந்தப் பிள்ளை நான்தான். எத்தனை லீவு நாளை அந்த மாடியில் தொலைத்திருக்கிறேன் தெரியுமா!

குழுவில் நாலு பேர் சேர்ந்து இதை விற்க ஆரம்பித்தார்கள். அம்மா, எதிர்வீட்டு அத்தை, இன்னும் இரண்டு பேர். கண்காட்சியில் விற்றது, தெரிந்தவர் மூலம் போனது என்று மெதுவாக நடந்துகொண்டிருந்தது. ஒரு ஐப்பசி மாசம் சென்னையில் ஒரு கடையிலிருந்து ஆர்டர் வந்தது. 40 கிலோ! ஒரே ஒரு நிபந்தனை, ஆய்வக அறிக்கை வேண்டும்.

அம்மாவுக்குக் கோபம். "ஏண்டி, உங்க ஆத்தா காலத்துலேருந்து போடறோம். யாராச்சும் செத்தாகளா? உப்புப் போட்ட பண்டத்துல பூச்சி எப்படிடி இருக்கும்? அப்படியே இருந்தாலும் எண்ணெயில பொரிச்சுத்தானே திங்கிறோம்?"

இந்த இரண்டு கேள்வியையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நல்ல கேள்வி. இரண்டுக்கும் பதில் ஆய்வகத்தில்தான் கிடைத்தது.

மாதிரியைக் கொடுத்தார்கள். எங்கள் இடத்தில் ஒரு பழக்கம் உண்டு. பொட்டலம் உள்ளே வந்ததும் பெயர் போய் எண் வந்துவிடும். யார் பொருள் என்று தட்டுப் பார்க்கிறவருக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அம்மா கட்டுகிற முடிச்சு. அதனால் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். வேறொரு தங்கச்சிதான் சோதித்தாள்.

என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். கத்தி, கிடுக்கி எல்லாம் நெருப்பில் காட்டி அல்லது ஆவியில் அவித்துச் சுத்தமாக்கியது. அதில் கறியை நறுக்கி 25 கிராம் நிறுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போடுவோம். 225 மில்லி சத்து நீர் ஊற்றுவோம். ஒரு மெஷின் இரண்டு பலகையால் அந்தப் பையை மாற்றி மாற்றி மிதிக்கும், மாவு பிசைகிற மாதிரி. பிறகு அதை 37 டிகிரி சூட்டில், அதாவது நம் உடம்புச் சூட்டில், ஒரு ராத்திரி முழுக்க வைப்போம்.

எதற்கு இந்த ஒரு ராத்திரி? சால்மொனெல்லா என்று ஒரு கிருமி. காய்ந்த கறியில் அது பெருகாது. ஆனால் சாகவும் சாகாது. மாசக்கணக்கில் அரை உயிராகக் கிடக்கும். அந்த நிலையில் தேடினால் சிக்காது. அதனால் காய்ச்சலில் கிடந்தவளுக்குக் கஞ்சி கொடுத்துத் தேற்றுகிற மாதிரி முதலில் தேற்றுகிறோம். அடுத்த நாள் மற்ற கிருமிகளை அடக்கி இதை மட்டும் வளரவிடுகிற வேறு இரண்டு திரவத்துக்கு மாற்றுவோம். அதற்கடுத்த நாள் சிவப்புத் தட்டில் இழுப்போம். நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த மாதிரிப் புள்ளி வந்தால் சந்தேகம். பிறகும் சில சோதனை செய்துதான் உறுதி சொல்வோம். நாலு, அஞ்சு நாள் ஆகிவிடும். "என்னம்மா, ஒரு பொட்டலத்துக்கு ஒரு வாரமா?" என்று போனில் சத்தம் போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கிருமி வளருகிற வேகத்தை நாங்கள் கூட்ட முடியாது.

அம்மா மாதிரியில் சால்மொனெல்லா இல்லை. ஆனால் இன்னொரு தட்டு இருக்கிறது, முட்டை மஞ்சள்கரு சேர்த்துச் செய்வது. அதில் கறுகறுவென்று பளபளப்பாகப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றித் தெளிந்த வட்டம். அதை எடுத்து முயல் ரத்தத்தின் தெளிநீரில் விட்டார்கள். பாலில் உறை ஊற்றினது போல உறைந்துவிட்டது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று பெயர். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, ஸ்டஃப் என்றே சொல்வோம். கிராமுக்கு 2 லட்சத்துக்கு மேல். 1 லட்சத்தைத் தாண்டினாலே அதில் நஞ்சு உண்டாகியிருக்கலாம் என்று பயப்பட வேண்டும்.

இப்போது அம்மாவின் முதல் கேள்விக்கு வருவோம். உப்பில் எப்படி?

நாங்கள் ஆய்வகத்தில் இந்த ஸ்டஃபைப் பிரித்தெடுக்க ஒரு தட்டு செய்வோம். அதில் 7.5 சதவீதம் உப்பு சேர்ப்போம். அந்த உப்பில் மற்ற கிருமிகள் பெரும்பாலும் அடங்கிவிடும், இது மட்டும் ஜம்மென்று வளரும். அப்படியென்றால் என்ன அர்த்தம்? அரைகுறையாக உப்புப் போட்டு, அரைகுறையாகக் காயவைத்த கறி என்பது, மற்ற கிருமிகளை விரட்டிவிட்டு இந்த ஒன்றுக்கு வீட்டைக் காலி செய்து கொடுத்த மாதிரி.

உப்பு கிருமியைக் கொல்கிறது என்பதைவிட, தண்ணீரைக் கட்டிப்போடுகிறது என்பதுதான் சரி. கறியில் தண்ணீர் இருப்பது வேறு, கிருமிக்குக் கிடைப்பது வேறு. குழு பேரில் வங்கியில் சேமிப்பு இருக்கும், ஆனால் கடனுக்கு ஈடாக மேனேஜர் அதைப் பிடித்து வைத்திருப்பார், நம்மால் எடுக்க முடியாது. அது மாதிரி. கிருமி எடுக்கக்கூடிய தண்ணீர் எவ்வளவு என்று அளக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. வெறும் தண்ணீருக்கு 1 என்று காட்டும். பச்சைக் கறிக்கு 0.99. சால்மொனெல்லா பெருக 0.94-க்குப் பக்கமாவது வேண்டும். ஸ்டஃப் 0.86 வரைக்கும் தாக்குப்பிடிக்கும். அதனால் 0.85-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் நாம் தப்பித்தோம். அம்மாவின் உப்புக்கண்டம் 0.89 காட்டியது.

இரண்டாவது கேள்வி, பொரித்தால் போகாதா? கிருமி போய்விடும். ஆனால் ஸ்டஃப் கறியில் கக்கிவைத்த நஞ்சு போகாது. கொதிக்கவைத்தாலும் தாங்குகிற நஞ்சு அது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கும். பெரியவர்கள் ஒரு நாளில் தேறிவிடுவார்கள். குழந்தையும் வயசானவர்களும் தாங்குவது கஷ்டம்.

ஆர்டர் போய்விட்டது. 40 கிலோவுக்கு ஆடு பேசி முன்பணம் கொடுத்திருந்தார்கள், அதுவும் போய்விட்டது. இது வரைக்கும் சொன்னது பணக் கஷ்டம். இனிமேல் சொல்வதுதான் என் மனசை அரிக்கிற விஷயம்.

அறிக்கை வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனேன். குழுக் கூட்டம் எங்கள் வீட்டுத் திண்ணையில். எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "இது எங்கேருந்து வந்துச்சுத்தா?" என்று கேட்டார்கள். நான் படித்தவள் அல்லவா, உடனே பதில் சொல்லிவிட்டேன். "இது மனுசங்க தோலு, மூக்கு, புண்ணுல இருக்கற கிருமி. கையில வெட்டுக்காயம் இருந்தவுக யாராச்சும் கறியைத் தொட்டிருப்பாக."

சொல்லி முடிக்கவில்லை, எல்லோர் கண்ணும் எதிர்வீட்டு அத்தை பக்கம் திரும்பியது. அவர் சுண்டுவிரலில் துணி சுற்றியிருந்தது. கறி வார்ந்தபோது பட்ட வெட்டு.

யாரும் சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அத்தை விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். சந்தாப் பணத்தைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சந்தாவை மகன் கையில் கொடுத்துவிட்டார். என் ஃபீஸ் கடனுக்குக் கைநாட்டு வைத்த இரண்டு பேரில் அவர் ஒருவர்.

அம்மா என்னிடம் பேசவே இல்லை. ஒரு நாள் போனில் இவ்வளவுதான் சொன்னார்: "உங்க ஆய்வகத்துல தட்டைப் பாத்து அஞ்சு நாள் கழிச்சுத்தான் சொல்லுவீகளாம். அவ விரலைப் பாத்து அஞ்சு நிமிசத்துல சொல்லிப்புட்டியேடி."

இப்போது யோசித்துப் பார்த்தால் நான் செய்தது ஆய்வே இல்லை. நூறு பேரை நிறுத்தினால் ஏறத்தாழ முப்பது பேர் மூக்கில் இந்த ஸ்டஃப் சும்மாவே குடியிருக்கும். நோய் ஒன்றும் இருக்காது. மூக்கைத் தொட்ட கை, முகத்தைத் துடைத்த முந்தானை, இருமல் போதும். அந்த நாலு பேரில் யாராகவும் இருக்கலாம். என் அம்மாவாகவும் இருக்கலாம். காயத்தில் துணி சுற்றிக்கொண்டு கறி தொடக் கூடாது என்பது உண்மை. அதைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் கையிலிருந்து விழுகிற கிருமி சில நூறு. அதை 2 லட்சம் ஆக்கியது எது? அதை நான் கேட்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து லீவு போட்டுப் போய் வேலை நடந்த விதத்தை முதலிலிருந்து கேட்டேன். ஐப்பசி மாசம். இரண்டு நாள் வெயில், பிறகு அடைமழை. மாலையை அவிழ்த்து உள்ளே கொண்டுவந்து அறைக்குள் கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இடம் போதாமல் மிச்சத்தைத் தாம்பாளத்தில் குவித்து மூடியிருக்கிறார்கள். மூன்று நாள் மழை. ஈரக் கறி, புழுக்கமான அறை, காற்று இல்லை. கிருமிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆர்டர் தேதி நெருங்குகிறது என்று, தொட்டுப் பார்த்து "காஞ்சிருச்சு" என்று கட்டிவிட்டார்கள். வெளியே முறுக்கென்று இருந்தது, உள்ளே ஈரம்.

ஆக, விரல் சின்னக் காரணம். மழையும் அவசரமும்தான் பெரிய காரணம். அதில் நாலு பேருக்கும் பங்கு உண்டு. மழை மாசத்தில் 40 கிலோவை ஏற்றுக்கொண்ட தீர்மானத்தில் பன்னிரண்டு பேருக்கும் பங்கு உண்டு. இதை அதே திண்ணையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிறகு அத்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு டம்ளர் காபி கொடுத்தார்.

வீட்டுக்குத் தின்பதற்குப் போடுகிற காலத்தில் இவ்வளவு பார்த்தோமா என்று சில அக்காமார் நினைப்பீர்கள். வீட்டுக்குப் போட்டால் பத்துப் பேர் தின்பார்கள். பாக்கெட் போட்டால் எங்கே போகும், யார் தின்பார்கள் என்று நமக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்காவில் 2017, 2018-ல் நடந்ததைக் கேளுங்கள். லிஸ்டீரியா என்று ஒரு கிருமி. உப்பும் தாங்கும், ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும். 1,060 பேருக்கு நோய், 216 பேர் இறந்துபோனார்கள். நோய் கண்டவர்களில் பெரும் பங்கு பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத சிசுக்கள். தாய் வயிற்றில் இருக்கும்போதே தொற்றியது. தாய்க்கு லேசான காய்ச்சல் வந்து போயிருக்கும், அவ்வளவுதான். மாசக்கணக்கில் எதிலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. சோவெட்டோ என்ற இடத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகள் ஒன்றாக நோய்ப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சந்தேகப்பட்டு அந்தக் காப்பகத்து ஃபிரிட்ஜில் இருந்ததை எடுத்துச் சோதித்தார்கள். பொலோனி என்று ஒரு கறிப் பண்டம், நம்ம ஊரில் சாசேஜ் என்கிறோமே அந்த வகை, விலை மலிவு, ரொட்டிக்குள் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. அதில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போய்த்தான் தொழிற்சாலையைக் கண்டுபிடித்து 2018 மார்ச்சில் நிறுத்தினார்கள்.

இன்னொன்று பழைய கதை. 1895-ல் பெல்ஜியம் நாட்டில் எல்லெசெல் என்ற ஊரில் ஒரு சாவு வீடு. வாத்தியம் வாசிக்க வந்தவர்களுக்கு உப்பில் ஊறிய பன்றித் தொடைக்கறி விருந்து. பல பேருக்கு நோய், மூன்று பேர் செத்துப்போனார்கள். வான் எர்மெங்கெம் என்ற ஆய்வாளர் அந்தக் கறியிலிருந்தே கிருமியைப் பிரித்தார். காற்றுப் படாத இடத்தில்தான் அது வளரும். பாட்டுலிசம் என்று அந்த நோய்க்குப் பெயர், லத்தீன் மொழியில் சாசேஜைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது நம் குழுக்களில் காற்றை உறிஞ்சிப் பாக்கெட் போடுகிற மெஷின் வாங்குகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, பூஞ்சை பிடிக்காது. ஆனால் சரியாகக் காயாத கறியை அதில் அடைத்தால், காற்றுப் பிடிக்காத அந்தக் கிருமிக்கு நாமே அறை கட்டிக் கொடுக்கிறோம். அதனால் மெஷினுக்குக் கடன் கேட்பதற்கு முன்னால் ஈரத்தை அளந்துகொள்ளுங்கள்.

சரி, மாதிரி கொடுப்பது எப்படி. ஒரே நாள் போட்ட சரக்கிலிருந்து அஞ்சு பாக்கெட், பிரிக்காதது. சோதனைக்கென்று தனியாகப் பார்த்துப் பார்த்துப் போடாதீர்கள். ஒரு குழு மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலையோடு அனுப்பியிருந்தார்கள்! எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அன்புதான், ஆனால் கடைக்குப் போகிற பாக்கெட்டைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும். போட்ட தேதி, உப்பு அளவு, காயவைத்த நாள் எழுதித் தாருங்கள். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் சென்னை கிண்டி, கோயம்புத்தூர், மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டையில் இருக்கின்றன. தனியார் ஆய்வகத்தில் கொடுத்தால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா, அதில் நீங்கள் கேட்கிற சோதனையும் அடங்கியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டுத் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் கடைசி வரியைத்தான் பார்க்கிறார்கள். நடுவில் இருப்பதையும் படிக்க வேண்டும். "25 கிராமில் இல்லை" என்று இருந்தால் அந்த 25 கிராமில் தேடிக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். "10-க்குக் குறைவு" என்று இருந்தால் பத்து இருக்கிறது என்று பயப்பட வேண்டாம், எங்கள் தட்டில் ஒன்றும் எழவில்லை என்பதை அப்படித்தான் எழுதுவோம். அறிக்கை அந்தப் பொட்டலத்துக்குத்தான் பேசும். போன வருஷ அறிக்கையைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு இந்த வருஷச் சரக்கை விற்பது, மூத்த மகள் மார்க் ஷீட்டைக் காட்டி இளையவளுக்குக் காலேஜில் இடம் கேட்கிற மாதிரி.

தினமும் ஆய்வகத்துக்கு ஓட முடியாது. அதற்கு அம்மா குழுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தராசுதான். ஒவ்வொரு மாலையையும் போடும்போது நிறுப்பது, காய்ந்த பிறகு நிறுப்பது. பச்சைக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர். அது போனால் எடை சொல்லிவிடும். 1 கிலோ 400 கிராமுக்குக் கீழே இறங்கிய சரக்கை மட்டும் மறுபடி ஆய்வகத்தில் கொடுத்து அளந்தார்கள், 0.80 வந்தது. அதிலிருந்து அதுதான் அவர்கள் கணக்கு. உங்கள் துண்டின் தடிமன் வேறு, உப்பு வேறு, அதனால் உங்கள் கணக்கை நீங்கள்தான் ஒரு முறை அளந்து கண்டுபிடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் போடுவதில்லை என்று தீர்மானமும் போட்டார்கள். சூரிய உலர்த்தி வாங்கிய பிறகு அதைத் தளர்த்திக்கொண்டார்கள். கையில் காயம் இருக்கிறவருக்கு அன்றைக்கு ஒட்டுகிற வேலை, கணக்கு வேலை. கூலியில் பிடித்தம் கிடையாது. இந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னது அம்மா. பிடித்தம் இருந்தால் காயத்தை மறைப்பார்கள் என்றார். ஆய்வகத்தில் பதினோரு வருஷம் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

எதிர்வீட்டு அத்தை தை மாசம் கூட்டத்துக்கு வந்தார். யாரும் போய்க் கூப்பிட்டார்களா, அவராகவே வந்தாரா என்று நான் கேட்கவில்லை. கைநாட்டு வைக்கிறவர், ஆனால் எண் நன்றாகத் தெரியும். தராசு நோட்டு இப்போது அவரிடம்தான் இருக்கிறது. போன மாசம் நான் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு மாலையைக் கழற்றி நிறுத்துப் பார்த்துவிட்டு, "430. இன்னும் ஒரு வெயில் வேணும்" என்று திரும்பக் கொடியில் கட்டினார். அம்மா அவசரப்படுத்தினார், கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பேன். ஈரம் அளக்கிற கருவியைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். உப்புக்கண்டமோ கருவாடோ கொண்டுவந்திருக்கிறவர்கள் பாக்கெட்டைப் பிரிக்காமல், போட்ட தேதியோடு வாருங்கள். ஒன்றுக்குக் கால் மணி நேரம் ஆகும், அதனால் வேன் கிளம்புகிறவர்கள் முதலில் வந்துவிடுங்கள்.